வெடிக்காத குருவி வெடி

திரி எரிந்து முடிந்தும் வெடிக்காமல் கிடந்த ஒரு குருவி வெடி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. திருத்தங்கலில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில், சிமெண்டுத் தரையில், லேசாகப் புகைந்துகொண்டு கிடந்தது அது. எங்கள் ஊரில் வெடித்த வெடியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. வெடிக்காத அந்த ஒன்றை நினைத்தால் மட்டும் என் வீட்டுக்காரரின் அக்காவும் சேர்ந்தே நினைவுக்கு வருவார். எனக்கு மதினி.

மதினி எதையும் நம்ப மாட்டார். கடையில் நிறுத்து வாங்கிய சீனியை இன்னொரு கடைத் தராசில் போட்டுப் பார்ப்பார். இருக்கன்குடிக்குப் போனால் ஒரு செருப்பை மரத்தடியிலும் மற்றதைத் தேங்காய்க் கடை ஓரத்திலும் விட்டுவிட்டுத்தான் சாமி கும்பிட வருவார். கேட்டால், "ஒத்தச் செருப்ப எவன் தூக்கப் போறான்?" என்பார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். வேலை விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், தம்பி மகனைப் பார்க்க.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. என் மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். பசித்தால் தட்டை எடுத்து வந்து என் மடியில் வைப்பான். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்று தெருவே சொன்னது. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே இவனை ஊமை என்று ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்களோ, கடைசிவரை என்னை அம்மா என்று கூப்பிடாமலே வளர்ந்துவிடுவானோ என்று எனக்குள் பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

மதினியின் சந்தேகம் முதலில் என்மேல்தான் விழுந்தது. "நீ இவன்கிட்ட வாயக் குடுத்துப் பேசுறியா, இல்ல டிவியப் போட்டுட்டு உன் சோலியப் பாக்குறியா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். நான் காலண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற சீசனில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவையும் விடவில்லை. கசகசாவை அரைத்துக் கொடுத்துத் தூங்கப் போடுகிறாளோ என்று, ஒரு நாள் லீவு போட்டு மத்தியானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய் அடுப்படி வரை பார்த்துவிட்டு வந்தார். அங்கே பிள்ளை முழித்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். "இன்னைக்கு முழிச்சிருக்கான்" என்றார் மதினி. அவ்வளவுதான் ஒப்புக்கொண்டார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பிள்ளையில்லாதவர் கண் என் பிள்ளைமேலேயே கிடக்கிறதே என்று எனக்கு உறுத்தும். என்மேல் ஏதாவது பழியைச் சொல்லித் தம்பியின் மனதைக் கலைக்கப் பார்க்கிறாரோ என்றும் நினைப்பேன். அவர் வந்து போன பிறகு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவேன். கண்ணேறு இருந்தால் நெடி வராது என்பார்கள். எனக்கு வீடே இருமும் அளவுக்கு நெடி வந்தது. அப்படியும் என் சந்தேகம் போகவில்லை.

காது கேட்கிறதா என்று பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பார்த்தோம், எங்கள் ஊர் முறைப்படி. அவன் அப்பா வாசலில் ஒரு வெடியைப் பற்ற வைத்தார். பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு துள்ளினான். "பாத்தியா, காதுல ஒரு கொறையும் இல்ல" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பட்டாசு ஊரில் வெடிச் சத்தத்தைவிடப் பெரிய டாக்டர் யார்?

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரர் ஒரு கை குருவி வெடி கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் வாசலில் ஒன்றைப் பற்ற வைத்துவிட்டு ஓடி வந்தார். நான், அவர், மதினி மூன்று பேரும் காதைப் பொத்தினோம். பிள்ளையும் பொத்தினான். திரி சீறிக்கொண்டு உள்ளே போனது. நாங்கள் தோளைக் குறுக்கினோம். அவன் எப்போதும்போல் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு, கையைத் தட்டிச் சிரித்தான்.

வெடி வெடிக்கவே இல்லை. நமுத்துப்போன சரக்கு.

எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மதினி சிரிக்கவில்லை. "இவன் எதுக்குலே துள்ளுனான்?" என்று தம்பியைக் கேட்டார்.

"வெடிக்கும்னு நெனச்சுத் துள்ளிருப்பான், விடுக்கா."

"சரி. வெடிக்கலன்னு இவனுக்கு ஏன் தெரியல?"

மதினி பிள்ளையைத் தூக்கிப்போய்ச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, அவன் இழுத்து விளையாடும் தீப்பெட்டி ரயிலைக் கையில் கொடுத்தார். "ஒருத்தரும் காதப் பொத்தப்படாது. கையத் தொங்கப் போடுங்க" என்று எங்களை மிரட்டிவிட்டு, அவனுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இன்னொரு வெடியைத் தானே பற்ற வைத்தார். அது வெடித்தது. எனக்குக் காது அடைத்துப்போய் உள்ளே குய்யென்றது. என் பிள்ளை தலையைக்கூடத் தூக்கவில்லை. ரயிலைச் சுவரோரமாக நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் அவன் எங்களைப் பார்த்துத்தான் துள்ளியிருக்கிறான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மதுரையில் காது டாக்டரிடம் காட்டினோம். காது கேட்பது ரொம்பவும் குறைவு, அதனால்தான் பேச்சு வரவில்லை என்றார். மதினி அவரையும் நம்பாமல் விருதுநகரில் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவரும் அதையே சொன்னார். காதுக்கு மிஷின் மாட்டி, பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் பஸ் ஏறினோம். பல மாதம் கழித்து அவன் சொன்ன முதல் வார்த்தை அம்மா இல்லை. நான் பால் டம்ளரை நீட்டியபோது, "வேணாம்" என்றான். நான் அழுதேன். மதினி, "எங்க, இன்னொருக்கச் சொல்லச் சொல்லு" என்றார். நிஜமாகவே சொன்னானா என்று அவருக்குச் சந்தேகம்.

இன்று அவன் ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறான். பேச்சு கொஞ்சம் தடித்திருக்கும், ஆனால் எல்லோருக்கும் புரியும். மதினிக்கு வயதாகிவிட்டது, எங்களோடுதான் இருக்கிறார். சந்தேகம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. நாங்கள் நாலு வார்த்தை பேசினால் போதும், "என்னையப் பத்தித்தான குசுகுசுங்கீக?" என்பார். பழைய குணம்தானே என்று நாங்கள் விட்டுவிடுவோம்.

போன தீபாவளிக்கு அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். மகன் ஒரு வெடியைப் பற்ற வைத்தான். எல்லோரும் காதைப் பொத்தினோம், மதினியும் பொத்தினார். அவன் வெடியைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, அத்தைக்குக் காது கேக்கல. நம்மளப் பாத்துத்தான் பொத்துறாக" என்றான்.

"போடா, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றாக."

"வாயப் பாத்துச் சொல்றாக. எனக்குத் தெரியாதா?"

நாற்காலிக்குப் பின்னால் தள்ளிப்போய் ஒரு குருவி வெடியை வைத்தான். கையைத் தொங்கப் போடும்படி எங்களுக்குச் சைகை காட்டினான். நமுத்துப்போயிருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். படீரென்று வெடித்தது.

மதினி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் என்னையவே பாக்குறீக?" என்றார், சந்தேகமாக.