நன்றிப் பக்கத்தின் கடைசி வரி

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால், ஓய்வுபெற்ற பிறகும் விசாரணைக் குழு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். விதிப் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டு வேறு வேலையில்லாமல் இருப்பவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலுக்கே கார் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரிக்கு அழைத்துப் போனார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவள் கூமாப்பட்டிப் பெண், இறுதியாண்டு. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைத் தானாக நிறுத்தி, ஏறினால் மறுபடி போடும் கருவிதான் அவளுடைய புராஜெக்ட். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் தாளாளர், முதல்வர், பெற்றோர் என்று வழக்கம்போல் நன்றி சொன்னவள், கடைசி வரியில் ஏஐக்கும் நன்றி சொல்லியிருந்தாள். அதனால் மாட்டிக்கொண்டாள். குற்றம் உறுதியானால் புராஜெக்ட் ரத்தாகும். கிடைத்திருந்த வேலையும் போகும்.

"திருடிட்டு ரசீதும் கொடுத்திருக்கா சார்" என்றார் துறைத் தலைவர்.

"மத்த பிள்ளைக?"

"யாரும் எழுதல சார்."

"பயன்படுத்தலையா, எழுதலையா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

விதியில் துண்டுச்சீட்டு உண்டு, செல்போன் உண்டு, தொடையில் எழுதிவருவதுகூட உண்டு. ஏஐ இல்லை. நன்றி சொன்னதே சாட்சியம் என்றால், தாளாளர் எந்த அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தார் என்பதையும் விசாரிக்க வேண்டியிருக்கும் என்றேன். அதைக் குறிப்பில் ஏற்ற யாரும் விரும்பவில்லை.

அது என்ன செய்து கொடுத்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"இங்கிலீசத் திருத்துச்சு சார். புரோகிராம்ல பாதி அது எழுதுனது. ஆனா தண்ணி லேசா ஏறுன உடனே மோட்டாரப் போட்டுருது. எங்க கிணத்துல ஊத்து மெதுவாத்தான் வரும். செத்த நேரத்துல திரும்ப நின்னுரும். இப்படியே போட்டு நிறுத்துனா மோட்டார் எரிஞ்சிரும்லா? அதான் பொறுத்துப் போடுற மாதிரி நான் மாத்துனேன்."

"எம்புட்டு நேரம் பொறுக்கணும்?" என் வாயிலும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

"அதுகிட்டயும் கேட்டேன் சார். கிணத்தப் போய்ப் பாருன்னுருச்சு. நானும் அப்பாவும் கிணத்து மேட்டுல உக்காந்து பாத்தோம்."

ஊற்று வேகமாக வரும் கிணற்றுக்கு ஏற்றபடி புரோகிராமை இப்போதே மாற்றிக் காட்டச் சொன்னோம். முதல் தடவை தப்பாகப் போனது, தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த தடவை ஓடியது.

செய்யாததைச் செய்ததாகச் சொல்வதுதான் ஏமாற்று. இவள் எதைச் செய்யவில்லை என்பதைத் தானாகவே எழுதிக் கொடுத்தவள். குற்றமில்லை என்று எழுதினோம். மற்ற மாணவர்களும் தங்கள் அறிக்கையைத் திரும்ப வாங்கி, பெற்ற உதவியைச் சேர்க்கலாம், தண்டனை கிடையாது, ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் சேர்த்தோம்.

நான் கிளம்பும்போது துறை வாசலில் வகுப்பே வரிசையில் நின்றது. ஒரு தோழி அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்த நன்றி வரிய எனக்கும் அனுப்புட்டி."

"அதையாவது நீயா எழுதுட்டி."