ஏலம் போகாத பரங்கிக்காய்

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் காலை வண்டிக்குக் காத்திருந்தபோது இருமினேன். கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெற்றிலைச் சாறு என்று முடிவு செய்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது என்பது வண்டியேறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாலு புத்தகம் படித்தவனுக்கு இது ஒரு வசதி. எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். மாலையில் வந்த காய்ச்சலுக்குப் பட்டறை உலைச் சூட்டைச் சொன்னேன். தொளதொளத்த சட்டைக்குத் தையற்காரரைத் திட்டினேன். அப்போது எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் நான் டைம்கீப்பர். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று குறித்துக்கொண்டிருந்தவன், என் உடம்புக்குள் யார் வந்து குடியேறினார் என்பதைக் கவனிக்கவில்லை.

என் மனைவி சாராள்தான் பஸ் மாற்றிப் பஸ் ஏற்றி என்னைத் திருவள்ளூருக்கு இழுத்துப்போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளிப் பரிசோதனை (சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். காசநோய் என்றார் டாக்டர். இடது நுரையீரலின் மேல்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது.

“பொழைச்சுக்குவாரா சார்?” என்று சாராள் கேட்டாள்.

“மருந்தை விடாம சாப்பிட்டா பொழைச்சுக்குவார். உடம்பு தேறிடுச்சுன்னு பாதியில நிறுத்தறவங்கதான் திரும்ப வர்றாங்க. அப்ப இந்த மருந்து வேலை செய்யாது.”

வீட்டிலேயே இருக்கலாம், இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொண்டால் போதும், தட்டாலும் டம்ளராலும் இது பரவாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். தலையணையில் சாய்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் நண்பரே, அந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் தெருவில் யாராவது நம்புவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் எதிர்பார்த்தேன்.

மருந்து மூன்று விதம். ஸ்ட்ரெப்டோமைசின் (இடுப்பில் போடும் ஊசி; காதுக்குள் வண்டு ரீங்காரமிடும், எழுந்து நின்றால் தரை சாயும்). ஐ.என்.எச். என்ற சின்ன மாத்திரை. அப்புறம் பாஸ் என்று ஒன்று. அதை விழுங்கினால் வயிறு புரளும், சோற்றைக் கண்டாலே முகம் திரும்பிக்கொள்ளும். நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, சாப்பிடவிடாத மருந்தையும் கையில் கொடுத்தார்கள்.

செய்தி பரவியதும் வீட்டுக்கு அன்பு வந்து குவிந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முட்டை வந்தது, முருங்கைக்கீரை வந்தது, பழவேற்காட்டுக் கருவாடு வந்தது. எல்லாம் அவரவர் வீட்டில் விளைந்தது, அவரவர் கையால் செய்தது. எல்லாமே எங்கள் வாசல் படலில் தொங்கின. படலைத் தாண்டி ஒருவரும் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. ஒரு பிடி கீரையோ இரண்டு அச்சு வெல்லமோ போட்டுத்தான் தர வேண்டும். எனக்கு நோய் வந்த பிறகு கிண்ணம் வருவது நின்றுபோயிற்று. வாழையிலையில், கொட்டாங்கச்சியில், துருப்பிடித்த பால்பவுடர் டப்பாவில் வந்தது. “டப்பாவ திருப்பித் தர வேணாங்க்கா, நீயே வெச்சுக்கோ” என்று தெருவில் நின்றபடி பக்கத்து வீட்டு மேரி சொன்னாள். சாராளுக்கு அவள் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, ஒரு வகுப்பு கீழே.

சாராள் விடவில்லை. முறுக்குச் சுற்றி மேரிக்கு எடுத்துப்போய்க் கொடுத்தாள். மேரி சிரித்த முகத்தோடுதான் வாங்கிக்கொண்டாள். மறுநாள் மேரியின் கோழிகள் அந்த முறுக்கைக் கொத்திக்கொண்டிருந்தன. அந்தக் கோழிகள் இட்ட முட்டைதான் எனக்கு வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாராள் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “எல்லாரும் குடுத்துக்கினே கீறாங்க. நம்ம கையால ஒண்ணும் வாங்க மாட்டேங்கறாங்க. பிச்சக்காரி மாதிரி கூசுதுங்க. கர்த்தராவது வாங்கிக்கட்டும்.”

அப்படித்தான் பரங்கி விதை மண்ணுக்குள் போனது. கொடி கொல்லைப்புறத்தில் படர்ந்து ஒரே ஒரு காயை நிறுத்திக்கொண்டது. எனக்குக் கிடைத்ததைவிட மேலான சிகிச்சை அதற்குக் கிடைத்தது. அடியில் வைக்கோல் மெத்தை, வேளாவேளைக்குத் தண்ணீர், வெயிலுக்குக் கோணி. திருவள்ளூரில் என்னை எடை பார்த்துவிட்டு வந்த நாட்களில், அதையும் இரண்டு கையால் லேசாகத் தூக்கிப் பார்ப்பாள். நாங்கள் இருவரும் தேறி வந்தோம். பார்க்க அழகாகத் தேறியது அதுதான்.

தை அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று அவரவர் விளைச்சலில் முதலானதை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் காணிக்கையாக வைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ஒரு முருங்கைக்காய்க்கு நாலு பேர் அடித்துக்கொள்வார்கள். காய்க்காக அல்ல, கொடுத்தவர் மேல் உள்ள மரியாதைக்காக. அதற்குள் என் சளியில் கிருமி இல்லை என்று சோதனையில் வந்திருந்தது. அந்தச் சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன்.

சாராளின் பரங்கிக்காய்தான் அங்கே இருந்ததிலேயே பெரியது. ஏலம் விட்டவர் எங்கள் சபையின் உபதேசியார் (பாதிரியார் வராத நாட்களில் ஆராதனை நடத்துகிறவர்). நல்ல மனிதர், எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தவர். காயைத் தூக்கிக் காட்டினார். அது யார் வீட்டுக் காய் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருவரும் கேட்கவில்லை.

அவர் மறுபடி கூவினார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “ரெண்டு ரூபா” என்று நானே எழுந்து கத்தினேன். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. முன் வரிசை முழுவதும் ஒரே உடம்பாகச் சாய்ந்து விலகியது. அதைப் பார்த்ததும் “மூணு ரூபா” என்று என் கேள்விக்கு மேலேயே கேட்டேன். தன்னோடு தானே போட்டிபோட்டு ஏலம் கேட்டவன் அந்தக் கோயிலில் நான் ஒருவன்தான். “அஞ்சு” என்று வாயெடுத்தபோது சாராள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. நான் குடுத்தத நீங்க திருப்பி வாங்கினா, அது இன்னா காணிக்க?”

அவள் எழுந்து போய் உபதேசியார் கையிலிருந்து காயை வாங்கினாள். வீட்டுக்குப் போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நேராகப் பின்னால் இருந்த சமையல் கொட்டகைக்குப் போனாள்.

பண்டிகையன்று சபையார் எல்லோருக்கும் அங்கே ஒரே சாப்பாடு. வருடாவருடம் காய் நறுக்குகிறவள் சாராள். அந்த வருடம், “நீ ரெஸ்ட் எடு” என்று பெண்கள் அன்பாக விலக்கி வைத்திருந்தார்கள். அவள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காயைப் பிளந்து, நறுக்கி, கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அண்டாவில் அள்ளி அள்ளிப் போட்டாள். சுற்றிலும் அத்தனை பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் அவளைத் தொட வேண்டும்.

உபதேசியார் ஓடிவந்தார். “சாராம்மா, இன்னா வேல இது?”

“கொதிக்கிற கொழம்புல எந்தக் கிருமி உசுரோட இருக்கும் ஐயா? விசுவாசம் இல்லன்னா வுட்டுடுங்க. அடுப்பையாவது நம்புங்க.”

அவர் அண்டாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். முதல் கவளத்தை அவர் விழுங்கியபோது, பாஸ் மாத்திரை விழுங்கும் என் முகத்தை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஆனாலும் விழுங்கினார். அவரைப் பார்த்துச் சிலர் உட்கார்ந்தார்கள், பசித்தவர்கள் உட்கார்ந்தார்கள். மீதிப் பேருக்குத் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. மேரி செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். சாராள் கரண்டியோடு நின்று, போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு சோறு குமட்டாமல் இறங்கியது. கோபத்துக்குப் பசி எடுக்கும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது நான் சமாதானம் பேசிப் பார்த்தேன். படித்தவன் அல்லவா. “மன்னிக்கணும்னு வேதத்துல இருக்குதே” என்றேன்.

“இருக்குது” என்றாள் சாராள். “எப்பன்னு போடல.”

மருந்து முடிய மேலும் ஒரு வருடம் ஆயிற்று. கடைசி எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓட்டை மூடி, அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. இது எப்போது மறையும் என்று கேட்டேன். மறையாது, ஆனால் இனி எதுவும் செய்யாது என்றார்.

அந்தத் தழும்போடுதான் இப்போது வாழ்கிறேன். ஸ்டேஷன் பாலத்தில் பாதிப் படியில் நிற்கிறேன். மூச்சு திரும்பி வரும்வரை நிற்கிறேன். கீழே வண்டி வந்து, என்னை விட்டுவிட்டுப் போகிறது. முன்பெல்லாம் அந்த வண்டியைப் பிடிக்க ஓடியவன் வேறு யாரோ என்று தோன்றுகிறது. அடுத்த வண்டி வரும். இல்லாவிட்டால் அதற்கடுத்தது.

சாராளின் கொல்லையில் விளைவதற்கு இப்போது ஏலத்தில் நல்ல கேள்வி. போன பண்டிகையில் அவள் வைத்த சுரைக்காயை மேரிதான் எடுத்தாள், எல்லோரையும்விட அதிகம் கேட்டு. காயை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்து, “அக்கா” என்றாள். சாராள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள், பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சுரைக்காய் உட்கார்ந்திருந்தது. நான் தலையைக் குனிந்து, என் மூச்சு போவதையும் வருவதையும் கவனித்துக்கொண்டிருந்தேன். அது நிதானமாகப் போய்வந்தது. அதற்கும் அவசரமில்லை, சாராளுக்கும் அவசரமில்லை.