ஜேசானில் ஏறாத அலர்ஜி

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு நிரல் எழுதியவன் நான். வார்டுத் திரைக்குப் போகும் ஜேசான் என்ற தரவுக் கோப்பில் நோயாளியின் எந்த விவரம் ஏறவேண்டும் என்பதை, நிரலில் அதன் தலைமேல் வைக்கும் அனோட்டேஷன் என்ற குறிப்புதான் முடிவுசெய்யும். அலர்ஜி விவரம் பிழை காட்டிக்கொண்டே இருந்ததால், 'இதை விட்டுவிடு' என்று வைத்தேன். எடுக்க மறந்தேன்; யாருடைய அலர்ஜியும் திரைக்குப் போகவில்லை.

வார்டில் என் மேலாளரோடு நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது. பனச்சமூட்டுக்கார நோயாளி ஒருவரிடம் சிஸ்டர் ஊசியோடு வந்தார். சொன்னால் வேலை போகும், நாக்கு எழவில்லை.

மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று சிஸ்டர் மலையாளத்தில் கேட்டார். நோயாளி புரியாமலே சும்மா தலையாட்டினார். அப்போதும் நான் பேசவில்லை.

சிஸ்டர் தமிழிலும் கேட்டார். "அண்ணா, முன்ன ஊசி போட்டு மூச்சுமுட்டு வந்திட்டுண்டா?"

"பெனிசிலின் போட்டா வரும், சிஸ்டரே."

ஊசி திரும்பிப் போனது.

அன்றே அந்த அனோட்டேஷனை எடுத்தேன். சிஸ்டர் இரண்டாம் முறை கேட்காமல் இருந்திருந்தால் நான் வாய்திறந்திருப்பேன் என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.