கிழங்கில் பச்சைப் புள்ளி

கலா எந்த வயரை எதோடு சேர்ப்பதாக இருந்தாலும், முதலில் ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டுவாள். வயரின் இரண்டு நுனிகளையும் கிழங்கில் குத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒரு நுனியைச் சுற்றிக் கிழங்கு பச்சையாகும். அதுதான் பிளஸ். அந்த வயரில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கிழங்கை என்னிடம் தருவாள்.

"அந்தப் பக்கத்த மட்டும் வெட்டிப்போட்டுட்டுக் கறிக்குப் போடுங்க அண்ணி."

நான் வாழ வந்த காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். கறிக்குப் போட்டதில்லை. அவளுக்குத் தெரியாமல் வெளியே எறிந்துவிடுவேன். அது அவளுக்குத் தெரியும் என்றும் எனக்குத் தெரியும்.

கலாராணி என் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். நமுனுகுல மலைச் சரிவில், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒரே வரிசையில் குடியிருக்கும் லயத்தில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை, எங்களுடையது. அதில் நானும் கலாவும் என் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறோம். எங்கள் சுவருக்குப் பின்னால் வேறு வீடு இல்லை. மலைதான்.

கலா சின்ன வயதில் கட்டுநாயக்கவுக்குப் போனவள். கார்களுக்குள் போகும் வயர்க்கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வேலை. ஒரு தடவை சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறி, செய்து அனுப்பிய பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அந்த வரிசைப் பெண்களையெல்லாம் நிற்க வைத்து ஏசினார்கள். அதற்குப் பிறகு அவள் நிறத்தை நம்புவதில்லை. போர்டிங்கில் அவளோடு தங்கியிருந்த வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைதான் கிழங்கு வித்தையைச் சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்த கலா, அம்மா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். டோர்ச், ரேடியோ, போன் சார்ஜர் என்று லயத்து ஆட்கள் கொண்டுவந்து கொடுப்பதைத் திருத்துவாள். விடிந்தால் கொழுந்து பறிக்கப் போவாள்.

எங்கள் இரண்டு பேருக்குமே பேச்சுக் குறைவு. எனக்கு அவளைவிடக் குறைவு. படிப்பையும் சீக்கிரமே விட்டவள் நான். வெளியாட்கள் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து பார்த்தால் முன்பக்கம் எல்லாம் தெரியும்.

போன பெருமழையில் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வெடித்தது. முதலில் கை நுழையும் அளவு. பிறகு கால் நுழையும் அளவு. மழை பெய்யும் இரவுகளில் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். போனோம், வந்தோம். அப்போதுதான் பதுளையிலிருந்து நிஸாம் தம்பி வரத் தொடங்கினார். அவர் ஓர் உதவி அமைப்பின் ஆள். கைக்குள் அடங்கும் ஜிபிஎஸ் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, வெடிப்பு போகும் வழியெல்லாம் லயத்து ஆட்களோடு நடந்து இடங்களைப் பதிந்தார். எந்த லயத்து ஆட்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று பதுளையில் ஒரு கூட்டம் வைத்து முடிவு செய்வார்களாம். பதிந்த இடங்கள் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் எங்கள் லயம் கணக்கில் வரும்.

மெஷின் பழையது. குளிரில் பற்றரி நிற்காது. அதன் பின்பக்கம் ரப்பர் மூடிக்குக் கீழே வட்டமான குழி ஒன்று, குழிக்குள் நான்கு முள். அதற்குப் பொருந்தும் கேபிள் பண்டாரவளையிலும் இல்லை, பதுளையிலும் இல்லை. அதனால் கலாவிடம் கொண்டுவந்தார். பழைய கம்ப்யூட்டர் பிளக் ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த சின்னக் குழாய்களை முள்ளுக்கு முள் செருகி, சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கலா ஒரு கேபிள் செய்துகொடுத்தாள். அதன் ஒரு கிளை பெரிய பற்றரி இரண்டு போட்ட பெட்டிக்குப் போகும். மற்றக் கிளை லெப்டொப்புக்குப் போகும். பற்றரிப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் போகாமல் பசை ஊற்றி மூடியிருந்தாள். கையில் இருந்தது பழைய ஸ்பீக்கர் வயர்தான். எல்லாம் ஒரே கறுப்பு.

கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம், மழையோடு மழையாக நிஸாம் தம்பி வந்து நின்றார். முட்டிக்குக் கீழே எல்லாம் சேறு. கூடவே தோட்டத் தலைவர் யாகோப்பு அண்ணன்.

"கலா அக்கா, விழுந்துட்டேன்," என்றார் நிஸாம். மெஷினை நீட்டினார். கண்ணாடி உடைந்து திரை கறுத்துப்போயிருந்தது. பற்றரி போடும் இடத்தில் கம்பிச்சுருள் பிய்ந்திருந்தது. கேபிளில் முள்ளுக்குப் போகும் நுனி அறுந்துவிட்டது. பெட்டிக்கும் லெப்டொப்புக்கும் போகும் கிளைகள் மட்டும்தான் மிச்சம்.

"பதிஞ்சதெல்லாம் உள்ள இருக்கா தம்பி?" என்று கலா கேட்டாள்.

"உள்ளதான் இருக்கும். திரை இல்லாம வாசிக்க ஏலாது. கேபிளாலதான் எடுக்கணும். பிளஸ், மைனஸ் மாறிச்சுண்டா உள்ள உள்ளதும் எரிஞ்சிரும்."

"இன்னொருக்கா நடந்து பதிஞ்சா?"

"எங்க நடக்கிறது?" என்றார் யாகோப்பு அண்ணன். "மேல ரோட்டே சரிஞ்சு கெடக்கு. வெடிப்புக்குள்ள சேறு எறங்கி மூடிருச்சு. இப்ப போய்ப் பாத்தா ஒன்னும் இல்லாத மாதிரி இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள அப்படியேதான் புள்ள இருக்கு."

வேறு யாரும் மலைப் பக்கத்துச் சுவரைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கரண்ட் காலையிலேயே போயிருந்தது. கலாவின் சோல்டரிங் அயன் கரண்டில் சூடேறுவது. அவள் தகரப் பெட்டியிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றை எடுத்து, "அண்ணி, அடுப்பு," என்றாள். நான் கம்பியை நெருப்பில் வைத்தேன். சூடானதும் துணியால் பிடித்துக் கொடுப்பேன். அவள் ஒரு தடவை ஈயத்தைத் தொட்டு ஒரு வயரை ஒட்டுவாள். அதற்குள் கம்பி ஆறிவிடும். திரும்ப அடுப்பு.

"இப்படி ஒன்னொன்னா ஒட்டி எப்ப புள்ள முடியிறது?" என்றார் தலைவர்.

"நீங்க சூடாப் பேசுறத கொஞ்சம் கம்பிக்குக் குடுங்க அண்ணே, வெரசா முடியும்."

நிஸாம் சிரித்தார். உடனே லெப்டொப்பைத் திறந்து பார்த்து, சிரிப்பை நிறுத்தினார். "இதுல சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு அக்கா."

நான்கு குழாய்களும் நான்கு வயர்த் துண்டுகளில் ஏறின. எந்த முள் எதற்கு என்பது கலாவுக்குப் போன தடவையே தெரியும். இனிப் புதுத் துண்டுகளைப் பழைய கேபிளோடு சேர்க்க வேண்டும். பற்றரிப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு கறுப்பு வயரில் எது பிளஸ்? போன தடவை போட்ட முடிச்சு அறுந்த நுனியோடு போய்விட்டது. பெட்டியை உடைத்துப் பார்க்கலாம். உடைத்தால் அதையும் புதிதாகச் செய்ய வேண்டும். அவளிடம் கரண்ட் பார்க்கும் மீட்டர் ஒன்று உண்டு. கூரை ஒழுகியதில் தண்ணீர் போய், முள் ஒரே இடத்தில் நிற்கிறது.

"அண்ணி, ஒரு கெழங்கு."

கறிக்கு இருந்த கிழங்கையெல்லாம் அவித்து, மேலே ரோட்டில் கல் எடுக்கப் போன ஆட்களுக்குக் காலையிலேயே கொடுத்தாகிவிட்டது. நான் அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து, வெட்டிக் கொடுத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினேன்.

"கெழங்குல கரண்ட் பாக்குற தோட்டம் நம்ம தோட்டந்தான்," என்றார் யாகோப்பு அண்ணன். "தம்பி, இத பதுளையில போய்ச் சொல்லிராதீங்க. வீட்டுக்குப் பதிலா ஒரு மூட கெழங்கு தந்துருவானுங்க."

மழை தகரத்தில் அடித்தது. வெளியே மழை மூட்டம். காம்பராவுக்குள் பகலிலேயே இருட்டு. கலா கிழங்கை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "இந்தா, பச்ச." ஒரு வயரில் முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்ட வயரைப் பிளஸ் துண்டோடும் மற்றதை மைனஸ் துண்டோடும், லெப்டொப்பின் டேட்டா வயர் இரண்டை மீதித் துண்டுகளோடும் முறுக்கினாள். கிழங்கை எப்போதும்போல என் பக்கம் நீட்டினாள்.

நான் வாங்கினேன். எறிவதற்காகத் திருப்பினேன். தோலில், நான் அவசரத்தில் தேய்த்து உதிர்த்த முளைகளின் அடையாளம் இருந்தது.

அது கறிக் கிழங்கு இல்லை. விதைக் கிழங்கு. லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் நடுவதற்காக, முளை வரட்டும் என்று ஜன்னலோரம் வெளிச்சத்தில் பரப்பி வைத்திருந்தது. வெளிச்சம் பட்ட கிழங்கு தோலுக்கு அடியில் தானாகவே பச்சையாகும். கறிக்கு எடுத்தால் கசக்கும். சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். கலா சமைப்பதில்லை.

வயர் குத்திய ஓட்டை தோலை ஒட்டி இருந்தது. பச்சை, ஓட்டையைச் சுற்றி மட்டும் இல்லை. ஓரம் முழுக்க இருந்தது.

நிஸாம் மெஷினை எடுத்து ரப்பர் மூடியைத் திறந்துவிட்டார். கலா முதல் குழாயை முள்ளில் செருகினாள். இரண்டாவதையும் செருகினாள். பெட்டிக்குள் பற்றரி இருக்கிறது. நான்காவது ஏறினால் கரண்ட் ஓடிவிடும். எனக்கு வாய் வரவில்லை. ஆண்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்வது தப்பாக இருந்தால்? மூன்றாவது குழாய் ஏறியது.

நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கலா, அது வெதக் கெழங்கு."

"என்னாம்மா, என்னா?" என்று தலைவர் எழும்பினார். "நேரம் போகுது, இந்த நேரத்துல கெழங்குக் கதையா?"

கலா என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த கிழங்கைப் பார்த்தாள். அதன் தோலை விரலால் தடவினாள். பிறகு ஏறிய மூன்று குழாய்களையும் மெதுவாகத் திரும்ப உருவினாள்.

வீட்டில் இருந்ததெல்லாம் விதைக் கிழங்குதான். இருந்ததில் பெரியதை எடுத்து, தோலோடு பச்சையெல்லாம் போகும்படி ஆழமாகச் சீவினேன். நடுவில் கோழிமுட்டை அளவு மிஞ்சியது. வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கலாவின் மடியில் வைத்தேன்.

அவள் முறுக்கைப் பிரித்து, இரண்டு நுனிகளையும் நன்றாகத் தள்ளித் தள்ளிக் குத்தினாள்.

காத்திருந்தோம். நிஸாம் லெப்டொப்பை மூடிவைத்தார். பின்பக்கம் மலையில் எங்கோ ஒரு கல் உருண்ட சத்தம் கேட்டது. எல்லாரும் தலையைத் தூக்கினோம். சத்தம் நின்றது.

வெள்ளைக் கிழங்கில் பச்சைப் புள்ளி வந்தது. முடிச்சுப் போடாத வயரில்.

"யா அல்லாஹ்," என்றார் நிஸாம், மிகவும் மெதுவாக.

கலா முடிச்சை அவிழ்த்து மற்ற வயரில் போட்டாள். "கம்பி, அண்ணி." கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டினாள். குழாய்களைத் திரும்ப ஏற்றினாள். கடைசிக் குழாயை முள்ளின் நுனியில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு எடுத்து, தள்ளினாள்.

மெஷினுக்கு உயிர் வந்தால் கீச்சென்று ஒரு சத்தம் போடும். மழையில் எதுவும் கேட்கவில்லை.

"வந்துச்சா? வரலியா?"

"கொஞ்சம் வாய மூடுங்க அண்ணே!" கலா மெஷினைக் காதோடு வைத்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதை என் காதில் வைத்தாள். உள்ளே, பூச்சி மாதிரி, சின்னதாக ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது.

ஆனால் லெப்டொப்பில் ஒன்றும் வரவில்லை. நிஸாம் ஏதேதோ அழுத்தினார். "சார்ஜ் முடியப் போகுது அக்கா."

"டேட்டா வயர் ரெண்டும் மாறியிருக்கும். அது மாறினா எரியாது." கலா லெப்டொப்புக்குப் போகும் மெல்லிய வயர் இரண்டையும் பல்லால் கடித்து இழுத்து, இடம் மாற்றி வெறுங்கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒட்ட நேரமில்ல. பிடிச்சிருக்கேன். எடுங்க."

திரையில் எண்கள் மேலேறத் தொடங்கின. வரிசை வரிசையாக. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். எண்கள் நின்றதும் நிஸாம் அதைப் போனுக்கு மாற்றிவிட்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல், சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு ஓடினார். அவர் திரும்பி வந்து வாசலில் நின்று தலையாட்டும்வரை கலா வயரை விடவில்லை.

"போயிருச்சு," என்றார்.

யாகோப்பு அண்ணன் சீவிப்போட்ட கிழங்குத் தோலை எல்லாம் தரையிலிருந்து பொறுக்கி அடுப்பில் போட்டார். அப்படி அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. "உங்க அண்ணிக்குப் பேச வரும்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும் புள்ள," என்றார்.

"வரும். வேணுமுன்னாத்தான் பேசுவாங்க," என்றாள் கலா.

கூட்டத்தில் எங்கள் லயத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு இன்ஜினியர்மார் வந்து மேலே பார்த்தார்கள். தொழிற்சாலைக்குப் பின்பக்கத்து மேட்டு நிலத்தில் வீட்டுக்கு இடம் அளந்து குச்சி நட்டிருக்கிறது. எங்கள் குச்சியில் கலா சிவப்பு வயர் ஒன்றைச் சுற்றிவைத்திருக்கிறாள். வீடு இன்னும் கட்டத் தொடங்கவில்லை. நாங்கள் அதே கடைசிக் காம்பராவில்தான் இருக்கிறோம். மழை பிடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம். நிஸாம் தம்பிக்கு வேறு மெஷின் கிடைத்துவிட்டது. அதற்கும் கேபிள் கலாதான் செய்துகொடுத்தாள். விதைக் கிழங்கை இப்போது நான் கட்டிலுக்கு அடியில் தனியாக வைக்கிறேன்.