சாக்குக்குள் கட்டிய சலங்கை

பெட்டியின் மேல் ‘அசல்’ என்று எழுதியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அசலாக இருப்பது ஏன் அதைச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்? நான் விளம்பரங்களுக்கு இசை போடுகிறவன். நகைக்கடை, வீட்டுமனை, கல்யாண மண்டபம், கும்பாபிஷேக வீடியோ என்று கோயமுத்தூரில் யார் கேட்டாலும், கணபதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து செய்து கொடுத்துவிடுவேன். ‘பாரம்பரியம்’ என்று குரல் வரும் இடத்திலெல்லாம் வீணையை ஒலிக்க விட்டவன். அந்த வீணையை யார் வாசித்தார்கள் என்று எனக்கே தெரியாது. அசல் என்ற சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

எங்கள் தொழிலில் வாத்தியத்தை வாங்குவதில்லை, வாத்தியத்தின் சத்தத்தை வாங்குகிறோம். எங்கோ ஒருவர் தவிலை விதவிதமாகத் தட்டியிருப்பார். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, கணினியில் போட்டுக்கொள்கிற மாதிரி விற்பார்கள். சாம்பிள் லைப்ரரி என்று பெயர். இங்கே என் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அவர் தட்டியது கேட்கும். அதை வாங்குமுன் நான் கேட்கிற கேள்விகளைப் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடக் கேட்கமாட்டார்கள்.

இப்படி விளம்பரத்திலேயே காலம் போய்விடும் என்று இருந்தபோதுதான் ஒரு இளம் இயக்குநர் வந்தார். அவருக்கு முதல் படம். நம் பக்கத்துப் பெருஞ்சலங்கை ஆட்டக்காரர்களைப் பற்றிய கதை. காலில் கனத்த சலங்கை கட்டி வரிசையாக நின்று ஆடுவார்களே, அவர்கள்தான். “ஒரே ஒரு காட்சிக்கு மாதிரி பண்ணிக் கொடுங்கண்ணா. சலங்கை மட்டும் சரியா உக்காந்துருச்சுன்னா மொத்தப் படமும் உங்களுக்குத்தானுங்க” என்றார். இத்தனை வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். இது கைநழுவினால் இன்னொன்று வராது என்றும் தெரியும்.

சலங்கைதானே, அதை நான் கோட்டைவிட மாட்டேன் என்று நினைத்தேன். வெள்ளகோவிலில் விசைத்தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். தறிச் சத்தத்திலேயே தூங்குவோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும். கொட்டகைக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. வாயசைவைப் பார்த்தே சண்டைகூடப் போட்டுக்கொள்வோம். அந்த இரைச்சலுக்குள் எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று என் அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். சத்தத்தில் வளர்ந்த காதுதான் கூர்மையான காது என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத ஒன்று. நான் பாட்டுத் தொழிலுக்குப் போகிறேன் என்றபோதும் “தறிக்காரன் காது, ஏமாறாது” என்றுதான் அனுப்பிவைத்தார்கள்.

முதலில் வெளிநாட்டு லைப்ரரி ஒன்றை வாங்கினேன். மத்தளம் நன்றாக இருந்தது, உறுமி நன்றாக இருந்தது. சலங்கையை அழுத்தினால் சாக்குக்குள் கட்டி வைத்து ஆட்டின மாதிரி கேட்டது. குளிருக்குப் பயந்து கம்பளி விரித்த அறையில் பதிவு செய்திருப்பான், அவனுக்கு நம் சலங்கையைப் பற்றி என்ன தெரியும் என்று ஒதுக்கினேன். அதைப் பாராட்டி வீடியோ போட்டவர்கள் எல்லாரும் ஓசியில் வாங்கியவர்கள் என்பதும் எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

அடுத்து நம் நாட்டிலேயே செய்தது என்று ஒன்றை வாங்கினேன். அதிலும் அதே சாக்கு. இரண்டு பேரும் ஒரே பதிவை வாங்கி அட்டையை மட்டும் மாற்றி விற்கிறார்களோ என்று தோன்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒன்றுபோலவே மந்தமாக இருந்தன. திருட்டு கையும் களவுமாகப் பிடிபட்டது என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

இதற்கு நடுவில் வீட்டுக்குள்ளேயே ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நான் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை செய்கிறவன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியின் கொலுசுதான் எனக்கு எச்சரிக்கை மணி. சமையலறையிலிருந்து அது கிளம்பினால், கணினியில் திறந்து வைத்திருக்கும் ஸ்பீக்கர் கடைப் பக்கத்தை மூடிவிட்டு வேலையைத் திறந்துகொள்வேன். கொஞ்ச காலமாக அந்த மணி அடிப்பதில்லை. பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். “ஏனுங்க, மறுபடியும் ஸ்பீக்கருங்களா?” என்ற குரல் கேட்டு நான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. என்னைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கத்தான் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

லைப்ரரிகளில் குற்றம் இல்லை, ஸ்பீக்கர்தான் திருட்டுத்தனம் பண்ணுகிறது என்று அடுத்துப் பிடித்தேன். தூக்கிக்கொண்டு காந்திபுரத்தில் வாங்கின கடைக்கே போனேன். கடைக்காரர் சலித்துக்கொள்ளவே இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“வாங்க, உக்காருங்க. இங்கயே போட்டுக் கேட்டுப்போடலாமுங்க” என்று என் சலங்கையைத் தன் ஸ்பீக்கரிலும் என் ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிப் போட்டார். எனக்கு இரண்டுமே சாக்குதான்.

“எனக்குக் கணீர்னு கேக்குதுங்களே” என்றார்.

விற்கிறவருக்குக் கேட்கத்தான் செய்யும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லாரும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம் என்றாலும், இவர் போட்டது கொஞ்சம் கூடுதல். கடையே மொத்தமும் போலிச் சரக்கு என்று எண்ணிக்கொண்டு எழுந்தேன். “ஸ்பீக்கருக்குப் பின்னால ஒரு திருகு இருக்குமுங்க, கீச்சுச் சத்தத்தைக் கூட்டறதுக்கு. அதைத் தொட்டுப்போடாதீங்க, நடுவுலயே இருக்கட்டும்” என்று வாசல்வரை வந்து சொன்னார். தொடாதே என்று ஒருவர் இவ்வளவு அக்கறையாகச் சொன்னால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் திருகைக் கடைசிவரை திருப்பினேன். சலங்கைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

கொஞ்சம்தான். மீதிக்கு வேறு ஹெட்போன் வாங்கினேன். பின்தெரு லேத் பட்டறை கரண்டை இழுத்துச் சத்தத்தைக் கெடுக்கிறது என்று ஸ்டெபிலைசர் வாங்கினேன். சத்தத்தை உறிஞ்சுகின்றனவோ என்று சுவரில் மாட்டியிருந்த கம்பளங்களை இறக்கினேன். கடைசியில் கணினிக்குள்ளும் சலங்கையின் கீச்சை முடிந்த மட்டும் ஏற்றி, ஒருவழியாக எனக்குத் திருப்தி வந்தபிறகு இயக்குநருக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் பேசினார். “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. சலங்கை காதைக் குத்துதுங்கண்ணா. ஊசி ஊசியா இருக்குது.”

அவர் செல்போனில் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, நல்ல தியேட்டரில் போட்டுக் கேட்டாராம். அப்படியென்றால் வேறு ஆளைப் பிடித்துவிட்டார், என்னைக் கழற்றிவிடக் காரணம் தேடுகிறார். இதைத்தான் நான் அன்றைக்குப் பகல் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் திரும்பக் கூப்பிடாததைப் பார்த்தோ என்னவோ, அவரே திரும்பக் கூப்பிட்டார். “லைப்ரரியே வேண்டாமுங்கண்ணா. ஆட்டக்காரங்ககிட்ட இருந்து சலங்கையையே வாங்கிட்டு வாரேன். உங்க ஊட்டுலயே வெச்சுப் பதிவு பண்ணிப்போடலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை துணிப்பையோடு வந்தார். மைக்கை நட்டுவைத்தேன். அவர் பையிலிருந்து சலங்கையை எடுத்துக் கையில் தொங்கவிட்டு ஓங்கி ஒரு உலுக்கு உலுக்கினார்.

“இதுதானுங்கண்ணா சத்தம்.”

அதே சாக்கு.

ஸ்பீக்கர் இல்லை, லைப்ரரி இல்லை, கரண்ட் இல்லை. என் முகத்துக்கு எதிரே உலோகமும் உலோகமும் மோதுகின்றன, எனக்கு அது மொத்தை மொத்தையாகக் கேட்கிறது. அப்போதும் நான் சலங்கையைத்தான் சந்தேகப்பட்டேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். நல்ல வெண்கலம். உள்ளே மணி இருக்கிறதா என்று ஒன்றை விரலால் ஆட்டினேன். இருந்தது.

அந்தச் சமயத்தில் இயக்குநர் கதவுப் பக்கம் திரும்பி, மரியாதையாக எழுந்து நின்றார். கதவு சாத்தியிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவர் எழுந்த பிறகுதான் கதவு திறந்து என் மனைவி காபித் தட்டோடு உள்ளே வந்தாள்.

“தம்பி, இவங்க வர்றது எப்படித் தெரிஞ்சுது?” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “கொலுசு கேட்டுதுங்களேண்ணா.”

குனிந்து பார்த்தேன். சேலைக் கரைக்குக் கீழே, அதே கொலுசு. முத்து முத்தாக மணி வைத்து, கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் போட்டது.

“அம்மணி, இதை எப்பத் திரும்பப் போட்டே?”

“கழட்டுனாத்தானுங்களே திரும்பப் போடறதுக்கு?” என்றாள்.

சலங்கையை மேசைமேல் வைத்தேன். கடைக்காரர் சொன்ன கணீர் உண்மை. லைப்ரரிக்காரர்கள் இருவரும் யோக்கியர்கள். இயக்குநர் வேறு யாரையும் பிடிக்கவில்லை, அவர் காதைத்தான் நான் ஊசியால் குத்தியிருக்கிறேன். இவள் மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறேனே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. ஒருவர் முன்னால் அழுது பழக்கமில்லாததால் காபியைக் குடித்துச் சமாளித்தேன்.

இயக்குநரிடம் மறைக்கவில்லை. “கோளாறு சாமான்ல இல்ல தம்பி, என் காதுல” என்றேன். அவர் சலங்கையை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தார். “டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்கண்ணா. நான் யோசிச்சுச் சொல்றனுங்க” என்றார். எங்கள் பக்கத்தில் யோசிச்சுச் சொல்றேன் என்றால் இல்லை என்று அர்த்தம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் அது முதல் படம்.

டாக்டரிடமும் போனேன். காதுக்குள் சலங்கை, கொலுசு மாதிரியான கீச்சுச் சத்தங்களைப் பிடிக்கிற பகுதிதான் இரைச்சலில் முதலில் கெடுமாம். சின்ன வயதில் எங்கே வேலை என்று கேட்டார். தறிக் கொட்டகையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். போனது திரும்பாது என்றும், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் நாங்கள் ஏன் கத்திக் கத்திப் பேசினோம் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்தது. அவருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இனி எதை அனுப்பினாலும் முதலில் என் மனைவி கேட்டு, குத்துகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதற்கு அவள் ஒப்புக்கொண்டாள். “சொன்னா நம்புவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

நம்புகிறேன் என்றேன். பிறகு சமையலறைவரை ஒரு தடவை நடந்துவிட்டு வரச் சொல்லி, வழக்கம்போலக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். மின்விசிறி கேட்டது. தெருவில் ஒரு வண்டி போவது கேட்டது. வேறொன்றும் இல்லை. தோளில் கை பட்ட பிறகு திரும்பினேன்.

“கேட்டுதுங்களா?”

“கேட்டுது” என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.