உடுமலை கார்டில் என் பெயர்

ரேஷன் கடையில் அரிசி வாங்கியாயிற்று என்று என் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் அரிசி இல்லை.

ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுத்தவள் நான் என்பதால் என் நம்பரையே போட்டிருந்தேன். கணவரை விட்டு மகளோடு வெளியே வந்த பிறகும் அது மாறவில்லை. உடுமலைப்பேட்டையில் என் மாமியார் கடையில் நின்று சர்க்கரை வாங்கினால் பெரியநாயக்கன்பாளையத்தில் என் போன் சத்தம் போடும். கார்டில் நான்கு பெயர். அதில் இரண்டு என்னுடையதும் மகளுடையதும்.

என் கணவர் குடிப்பவர் அல்ல. தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிற வேலை. கூலியை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவார். அவருக்கு இருந்தது சந்தேகம். வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் வந்ததும் யாரிடம் பேசினாய், எதற்குச் சிரித்தாய் என்று ஆரம்பிப்பார். பால்காரரிடம் மீதிச் சில்லறை கேட்டதற்காக ஒருநாள் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறைந்தார். அதிலிருந்து எனக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. அந்த வாரமே கிளம்பிவிட்டேன். அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. லேத் பட்டறை ஒன்றின் பின்புறம் வரிசை வீட்டில் ஓர் அறை. நாள் முழுக்க இரும்பு அறுக்கும் சத்தம். ஒரு காதுதான் என்பதால் எனக்குப் பாதிச் சத்தம் என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பேன். அந்த இரண்டு வருடம் நான் நன்றாகத் தூங்கினேன்.

முதல் ஊரடங்கை எப்படியோ தாண்டினோம். பட்டறை முதலாளி அரிசி கொடுத்தார், யார் யாரோ சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து தந்தார்கள். இரண்டாம் அலையில் முதலாளியே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பட்டறை பூட்டிக் கிடந்தது. பொட்டலம் கொடுத்தவர்களையும் காணோம். அப்போதுதான் டிவியில் நிவாரணம் அறிவித்தார்கள். கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் பணம், அதோடு ஒரு பை நிறைய மளிகை.

எங்கள் வரிசையில் எல்லோரும் டோக்கனோடு கிளம்பினார்கள். நானும் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு வட்டத்தில் நின்றேன். என் முறை வந்தது.

“ஏனுங்க, என்ற பேரு உடுமலை கார்டுல இருக்குதுங்க. எனக்கும் புள்ளைக்கும் உண்டானத இங்க குடுக்க முடியுங்களா?”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “கார்டு கையில இருக்குதுங்களா?”

“இல்லீங்க. அது ஊட்டுக்காரருகிட்ட இருக்குதுங்க.”

“பணம் கார்டுக்குத்தானுங்க அம்மணி, ஆளுக்கு இல்லீங்க. அதுல உங்க பேரை எடுத்துப்போட்டுப் புதுசா ஒண்ணு போடோணும். அதுக்கு உங்க ஊட்டுக்காரரு கையெழுத்துப் போடோணும், இல்லாட்டி கோர்ட்டுப் பேப்பர் வேணும். ஆபீசும் இப்பப் பூட்டித்தானுங்க கெடக்குது.”

அவர் என்னை விரட்டவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசினார். கோபப்படுவதற்குக்கூட எனக்கு அங்கே ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா தனக்குக் கிடைத்த பையிலிருந்து ரவையும் ஒரு சோப்பும் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ரவை தீர்ந்ததும் அக்கா சமைக்கிற நேரத்தில் மகள் அவர் வாசலிலேயே விளையாட ஆரம்பித்தாள். நான் கூப்பிட்டால், “இதா வாரேன்” என்பாள், வரமாட்டாள். முதலில் அக்கா தட்டில் ஏதாவது வைத்துக் கொடுத்தார். அவருக்கும் மூன்று பிள்ளைகள், கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டி நின்று வெகுநாள் ஆகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் அக்கா சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். மகள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றே மாமியாருக்குப் போன் செய்தேன்.

“அத்தை, நாந்தானுங்க.”

“சொல்லு கண்ணு.”

“நிவாரணம் வந்துருக்குதுங்களாமா. எனக்கு வேண்டாங்க. புள்ளை பங்க மட்டும் ஆருகிட்டயாச்சும் குடுத்து உடுங்க.”

“ஒரே கார்டுல பங்கு ஏது கண்ணு? நீ வா. ரெண்டு பேரும் வந்து இருந்து தின்னுங்க. ஆரு வேண்டாம்னா?” மாமியார் அழுதார். “அவனும் களத்துக்குப் போகாம ஊட்டுலயே கெடக்கறான். இந்த நோவுல ஆரு இருப்பா, ஆரு போவான்னு தெரியல. வந்துரு அம்மணி.”

அது பொய் அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லாச் சண்டையிலும் அவர் மகன் பக்கம்தான் நிற்பார். ஆனால் பேத்தி பட்டினி கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்குத் தெரிந்த ஒரு டிரைவர் கோயம்புத்தூர் மார்க்கெட்டில் தேங்காய் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு உடுமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரோடு ஏறிக்கொண்டோம். பையை வாங்கிக்கொண்டு, பணத்தில் பாதியாவது கேட்டுப் பெற்று, அடுத்த லோடு வண்டியில் திரும்பிவிடுவது என்பது என் கணக்கு. அதனால் அறையைக் காலி செய்யவில்லை. இரண்டு மாற்றுத் துணி மட்டும் எடுத்துக்கொண்டேன். பொள்ளாச்சி தாண்டி ஓரிடத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

“எங்கம்மா போறே?”

“ஊட்டுக்காரரு ஊட்டுக்குங்க.”

“போ, போ. இந்த நேரத்துல புருசன் ஊட்டுல இருக்கறதுதான் பத்திரம்.” கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

மாமியார் வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டார். உள்ளே அடுப்பில் சோறும் பருப்பும் தயாராக இருந்தன. மகள் தட்டிலிருந்து தலை நிமிராமல் சாப்பிட்டாள். மளிகைப் பை அறையின் மூலையில் பாதி காலியாகிச் சரிந்திருந்தது. பணத்தைக் கேட்டேன். தன் சர்க்கரை மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போய்விட்டது என்றார் மாமியார். அதுவும் உண்மைதான். காலி மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார்.

கணவர் கொல்லைப்புறத்திலிருந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. மகளின் தலையைத் தடவி, “எளைச்சுப் போயிட்டயே கண்ணு” என்றார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார்.

“போனைக் குடு.”

கொடுத்தேன். மகள் அப்போதுதான் இரண்டாம் முறை சோறு வாங்கியிருந்தாள்.

சில நாள் அவர் எதுவும் சொல்லவில்லை. ஊரே வீட்டுக்குள் கிடந்தது, அவரும் கிடந்தார். தினமும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் ஒன்று போயிருக்கும். “அங்க ஆரு உனக்கு அரிசி வாங்கிக் குடுத்தா?” என்று ஆரம்பித்தார். முதலாளி என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று மாமியார் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்டிருக்கும். ஊரடங்கில் யார் வருவார்கள்?

ஊரடங்கு தளர்ந்ததும் மாமியார் போனிலிருந்து பட்டறைக்குக் கூப்பிட்டேன். முதலாளியின் மனைவி எடுத்தார். முதலாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை என்றார். மெஷின்களை விற்றுக்கொண்டிருக்கிறோம் என்றார். “நீயாச்சும் குடும்பத்தோட சேந்துட்டயே, நல்லா இரு சாமி” என்று அந்த நிலையிலும் என்னை வாழ்த்தினார். என் அறைக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. பாத்திரங்களை அக்கா ஒரு சாக்கில் கட்டி வைத்திருப்பதாகச் சேதி வந்தது. அது இன்னும் அங்கேதான் இருக்கும்.

நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று ஊர் பேசிக்கொண்டது. கொரோனா எத்தனையோ குடும்பத்தைப் பிரித்தது, உங்களைச் சேர்த்து வைத்துவிட்டது என்று ஒரு கல்யாண வீட்டில் என்னிடமே சொன்னார்கள். நான் சிரித்து வைத்தேன். சேர்த்து வைத்தது எது என்று எப்படிச் சொல்வது?

ஒருமுறை தைரியமாகக் கணவரிடமே கேட்டுவிட்டேன், கார்டிலிருந்து எங்கள் பெயரை எடுக்கக் கையெழுத்துப் போட முடியுமா என்று. அவர் கத்தவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னார்.

“பேரு இருக்கற வரைக்கும்தான் நீ இருப்பே. பேரை எடுத்தா ஆளும் போயிருவே. எனக்குத் தெரியாதா?”

பெண்களுக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம் வந்தபோது கொஞ்சம் ஆசைப்பட்டேன். அதுவும் ஒரு கார்டுக்கு ஒருவர். அது மாமியார் கணக்கில் வருகிறது. என் கையில் பஸ் காசுகூட இல்லை என்று அவருக்குத் தெரியும். தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார், நல்ல சேலைதான்.

அரசாங்கத்தைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. அந்தக் கோடையில் அந்தப் பை எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. என் மகளும் அதைத் தின்றுதான் பிழைத்தாள். குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒரே அடுப்பில் தின்பவர்கள் என்று யாரோ நல்ல மனதோடு நினைத்திருப்பார்கள். அடுப்பை விட்டு ஓடி வந்தவளை அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்?

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. போன மாதம் மின்சாரம் போயிருந்த ஒரு சாயங்காலம், அப்பா களத்திலிருந்து வருவதற்கு முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“அம்மா, நாம எதுக்கு இங்க திரும்பி வந்தோம்?”

“பசிச்சுதே கண்ணு.”

“எனக்கா, உனக்கா?”

இரண்டு பேருக்கும்தான் என்றேன். அவள் நம்பவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். நான் தண்ணீர் மொண்டு வைக்க எழுந்தேன்.