மூன்று நகல்களும் ஒத்துப் போயின

1998 ஜூன் 4. ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றியது: செலவு 86,000.
2004 மார்ச் 19. பூஞ்சை பிடித்த நாடாக்களை எரித்தது: செலவு 750.
2011 செப்டம்பர் 2. வன்தட்டுகள், மூன்று: செலவு 38,400.
2018 ஜனவரி 22. புதிய சேமிப்புக் கருவிகள், மூன்று: செலவு 94,000.
2018 பிப்ரவரி 9. பழைய கணினிகளை ஏலம் விட்டது: வரவு 2,300.

ஐந்து வரிகளில் கடைசி ஒன்றுதான் வரவு. மேலே உள்ள செலவு அத்தனையையும் அந்த ஒரு வரவு விழுங்கிவிட்டது.

ஆவணக் காப்பகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு ஆரம்பத்திலிருந்தே அவர்தான் காப்பாளர். அலுவலகத்தில் அவருக்கு 'மூணு காப்பி' என்று பெயர். எந்தப் பதிவைப் பற்றி யார் கேட்டாலும் "மூணு காப்பி இருக்கு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது. "சாருக்கு மூணு காப்பியா, இன்னிக்கு ஒண்ணு போதுமா?" என்று கேன்டீன்காரர் தினமும் கேட்பார். அவர் சிரித்ததில்லை. ஒன்றை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று குடித்துவிட்டுப் போவார்.

இரண்டாம் மாடியில், படிக்கட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த ஜன்னல் இல்லாத அறை அவருடையது. சேமிப்புக் கருவிகளில் ஒன்று அங்கே இருந்தது, ஒன்று தரைத்தளத்தில், மற்றொன்று நகரத்தின் மறுகோடியில் இருந்த கிளை அலுவலகத்தில். கணினி ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நீளமான எண்ணைக் கணக்கிட்டுத் தரும். பதிவில் ஒரு துளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று இடத்து எண்களையும் அவர் ஒப்பிடுவார். ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் எந்தப் பதிவையும் அவர் திறந்து கேட்டதில்லை. பிறர் கேட்பதும் அவருக்குப் பிடிக்காது. விண்ணப்பம் கொண்டு வருகிறவர்களை எதையாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். "பத்திரமா வைக்கிறது கேக்குறதுக்கா?" என்று ஓர் ஆராய்ச்சி மாணவியின் முகத்துக்கு நேராகவே சொன்னவர் அவர். அந்தப் பெண் மறுபடி அந்தப் படிக்கட்டை மிதிக்கவில்லை.

திருப்பி அனுப்பப்பட்டவர்களில் அவருடைய அக்காவும் ஒருத்தி.

அக்காவின் கணவர் ஆலையில் கொதிகலன் இயக்குபவராக இருந்தார். 1996இல் கொதிகலன் வெடித்தது. உடம்பெல்லாம் வெந்து மருத்துவமனையில் கிடந்தவரிடம் விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்கி, நாடாவில் பதிவு செய்தார். அடுத்த வாரம் அத்தான் இறந்துபோனார். நீராவி வால்வை அவர் திறக்க மறந்ததுதான் காரணம் என்று விசாரணை முடிவானது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்கா கேட்டதோ வேறு. வால்வு இறுகிக் கிடப்பதாக மேலாளரிடம் முந்தின நாளே சொன்னதாகவும், "ஓட்டுய்யா, பாத்துக்கலாம்" என்று அவர் விரட்டியதாகவும் அத்தான் சொன்னார். தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் அந்த வாக்கியம் இல்லை. நாடாவில் இருந்தது. நாடா தம்பியிடம் வந்து சேர்ந்தது.

அக்கா மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை, 2015இல், அவர் வீட்டுக்கே வந்தாள்.

"ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன். அதைத் தூக்கிக் கையில கொடுன்னா சொல்றேன்?"

"அது விசாரணைப் பதிவுக்கா. மேலிடத்துல எழுதி வாங்கணும். உனக்குன்னு வளைச்சா நாளைக்கு ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் வந்து நிப்பாங்க."

"ஊர்ல இருக்கறவங்க புருஷனெல்லாம் உன் அலமாரியிலயா கிடக்கறாங்க?"

"பத்திரமா இருக்கு. மூணு..."

"தெரியும். மூணையும் நீயே கட்டிக்கிட்டு அழு."

அவர் மனைவி கொண்டுவந்த தண்ணீரைக்கூடத் தொடாமல் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. அவரும் போய்க் கூப்பிடவில்லை. தான் விதிப்படி நடந்தவன், கோபப்பட வேண்டியவன் தான்தான் என்று அவர் நினைத்தார்.

அலுவலகத்திலும் அவருக்கு ஒரு பகை இருந்தது. பொருள்கிடங்கு மேலாளர் ஒரு கோடையில் அவர் அறையின் ஏசியைக் கழற்றிக்கொண்டு போய் இயக்குநர் அறையில் மாட்டிவிட்டார். கருவிகள் சூடாகும் என்று இவர் கத்தினார். "கருவிக்கு வேர்க்காது சார், இயக்குநருக்கு வேர்க்கும்" என்றார் கிடங்குக்காரர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

புதிய சேமிப்புக் கருவிகள் வந்ததும் பழைய கணினிகளை ஏலம் விட முடிவானது. 1998இல் நாடாக்களை ஏற்றிய கணினி அவர் அறையின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. அந்தப் பதிவுகளை அவர் தன் கையாலேயே ஏற்றியிருந்தாலும், ஏற்றியது ஒரு தனியார் நிறுவனம் கொடுத்த மென்பொருளில்தான். அந்த மென்பொருள் ஓட வேண்டுமானால் கணினியின் பின்புறம் கட்டைவிரல் அளவு சாவிச் செருகி ஒன்று மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தப் பதிவும் வாய் திறக்காது. அலுவலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் அவர். இருபது ஆண்டுகள் திறந்தே பார்க்காததால் அவருக்கும் மறந்துபோயிருந்தது.

கிடங்குக்காரர் ஆட்களோடு வந்தார். கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏசிச் சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அவரிடம் பேசினார்.

"பின்னாடி என்னமோ செருகியிருக்கே. இது வேணுமா உங்களுக்கு?"

அவர் தலையைத் திருப்பவில்லை. "கண்ணுல பட்டதையெல்லாம் தூக்கிட்டுப் போற ஆளு. இதுக்கு மட்டும் என்ன புதுசா மரியாதை?"

"வேணுமா, வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"எடுத்துட்டுப் போய்யா."

எடுத்துக்கொண்டு போனார்.

2023இல் அதே ஆலையில் மறுபடியும் கொதிகலன் வெடித்தது. புதிய விசாரணை ஆணையம் பழைய விபத்தையும் கையில் எடுத்தது. அக்கா மனுப் போட்டாள். அத்தானின் வாக்குமூலப் பதிவை ஒரு மாதத்துக்குள் கொண்டுவரும்படி காப்பகத்துக்கு உத்தரவு வந்தது. இனி எழுதி வாங்க வேண்டியது எதுவும் இல்லை. அக்கா காப்பகத்தில் பதிவுகளைக் கேட்கும் அறைக்கு வந்து, தம்பிக்கு முகம் கொடுக்காமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இயக்குநரும் வந்தார்.

காப்பாளர் முதல் நகலைத் திறந்தார். சாவிச் செருகியைப் பொருத்தவும் என்று திரையில் ஒரு பெட்டி விழுந்தது. இரண்டாவது நகலைத் திறந்தார். அதே பெட்டி. மூன்றாவது கிளை அலுவலகத்திலிருந்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மூன்றாவதும் அதையே கேட்டது.

"மூணும் ஒண்ணு போலத்தான் இருக்கு, இல்ல?" என்றாள் அக்கா.

அவர் கிடங்குக்கு ஓடினார். அத்தனை ஊழியர்களும் பார்த்துக்கொண்டிருக்க, "அந்தச் செருகி எங்க?" என்றார்.

"எந்தச் செருகி?"

"பழைய கம்ப்யூட்டர்ல இருந்தது."

கிடங்குக்காரர் பேனாவை மூடி வைத்தார். அவருக்கு அவசரமே இல்லை. "நான் கேட்டேனா இல்லையா? என் பையங்க ரெண்டு பேர் சாட்சி. எடுத்துட்டுப் போய்யான்னு சொன்னது நீங்க. அந்த 'ய்யா'கூட எனக்கு மறக்கலை."

கணினிகளை ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக்காரர் சிரித்தே விட்டார். "அஞ்சு வருஷம் கழிச்சு வந்து கேக்குறீங்களே சார், அது இந்நேரம் உருகி எந்த வீட்டுக் கரண்டியா இருக்கோ." மூல நாடா 2004இலேயே பூஞ்சை பிடித்து மற்றவற்றோடு எரிக்கப்பட்டிருந்தது. மென்பொருள் நிறுவனம் எப்போதோ இழுத்து மூடப்பட்டிருந்தது. கணினிப் பொறியாளர் ஒருவர் பூட்டை உடைத்துப் பார்க்கலாம் என்றார். எவ்வளவு நாளாகும் என்று சொல்ல முடியாது, உடையும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆணையம் கூடுதலாக ஒரு நாள்கூடத் தர மறுத்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் அக்காவின் தையல் கடைக்குப் போனார். அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடு. ஒரு காரியம் இருக்கு, செய்வியா?"

"சொல்லுக்கா."

"நாடாவைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினது நீதானே. காதுல மாட்டிக்கிட்டுத்தானே ஏத்தின? அவர் சொன்னதை நானும் கேட்டேன்னு நாளைக்குச் சொல்லு."

"நான் வார்த்தையைக் கேக்கலை. ஒரு நாளைக்கு முப்பது நாடா ஏத்தணும். ஒலி அளவு காட்டுற முள்ளைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

இயந்திரம் நின்றது.

"நீ பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருஷமா அதைக் காட்டித்தான் என்னை விரட்டின. அதை வச்சு அவருக்காக ஒரே ஒரு பொய் சொல்லு. அப்புறம் உன் முகத்துல நான் முழிக்கவே வேணாம்."

அவர் கீழே கிடந்த நூற்கண்டை எடுத்து மேசையில் வைத்தார். அக்கா மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் ஆணையத்தின் முன் அக்கா தான் கேட்டதைச் சொன்னாள். "பொண்டாட்டி வேற என்ன சொல்லுவாங்க?" என்று ஆலையின் வழக்கறிஞர் கேட்டார். அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு காப்பாளரைக் கூப்பிட்டார்கள். பதிவு மூன்று நகல்களிலும் ஓர் எழுத்தும் மாறாமல் இருப்பதாக அவர் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அக்கா முதல் வரிசையில் இருந்தாள். கேள்வியை அவரிடம் இரண்டாம் முறையும் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை" என்றார்.

அது உண்மை. உண்மை என்பதால் அவருக்கு ஆறுதல் எதுவும் கிடைத்துவிடவில்லை. வெளியே வந்தபோது அக்கா அவரைக் கடந்து போனாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். வழியில் கிடந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

முன்பு முடிவானதை மாற்ற ஆதாரம் இல்லை என்று ஆணையம் எழுதிவிட்டது. வால்வைத் திறக்க மறந்தவர் அத்தான்தான் என்பது இரண்டாம் முறையும் உறுதியானது.

பிறகு பதிவுத் தபாலில் காப்பகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 'காப்பாளர் அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தது. தம்பி என்ற சொல் எங்கும் இல்லை. இறந்தவரின் வாரிசு என்ற முறையில், என் கணவரின் குரல் அடங்கிய பதிவை என்னிடம் ஒப்படைக்கவும், உங்களிடம் உள்ள மூன்று நகல்களையும் உங்கள் கையாலேயே அழிக்கவும், பூட்டை உடைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா எழுதியிருந்தாள். ஆணையத்தின் முன் வந்துவிட்ட பதிவு என்பதால், இப்போது விதியில் அதற்கு இடம் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். கடிதத்தின் தலையில், வந்து சேரும் எல்லாக் கடிதங்களுக்கும் போடும் தேதி முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினார்: 2023 நவம்பர் 14.